எந்த எம்டன்?

கேள்வி: பழைய போர்க்கப்பல்களை அளவு பிசகாமல் மாதிரியாகச் செய்ய ஆசை. சென்னையில் குண்டு போட்ட எம்டனில் தொடங்கலாமா? கடலே இல்லாத ஊரில் கப்பலா என்று வீட்டில் கிண்டல்! - ஒரு வாசகர், மதுக்கரை.

பதில்: கோவை ரெட்ஃபீல்ட்ஸில் கடற்படையே ஐ.என்.எஸ். அக்ரணி என்ற பயிற்சி நிலையத்தை நடத்துகிறது. அதை வீட்டில் சொல்லுங்கள்.

ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் நல்ல தேர்வுதான். நீளம் சுமார் 118 மீட்டர். 350-ல் ஒரு பங்காக்கினால் 34 செ.மீ.கூட வராது, டி.வி. ஸ்டாண்டில் அடங்கும். பீரங்கிகள்தான் பிராணனை வாங்கும். மொத்தம் 10, குழல் வாய் 10.5 செ.மீ. உங்கள் மாதிரியில் அது 0.3 மில்லிமீட்டர்! உங்கள் பக்கம் பவுண்டரி பேட்டர்ன் செய்பவர்கள் நிறைய உண்டே, உதவி கேளுங்கள். ஆனால் வார்ப்பு சுருங்கும் என்று பழக்கதோஷத்தில் கொஞ்சம் பெரிதாகச் செய்துவிடப் போகிறார்கள்!

அதற்கு முன் எந்தத் தேதி எம்டன் என்று முடிவு செய்யுங்கள். முதல் உலகப் போருக்கு முன் வெள்ளை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோது சாம்பல் நிறம். புகைபோக்கி மூன்று. பிரிட்டிஷ் கப்பல்போலத் தெரிய, போலியாக நான்காவதைக் கட்டிக்கொண்டு அக்டோபர் 28-ல் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தார் அதன் கேப்டன் முல்லர். எனவே நான்கு வைத்துவிட்டாலும் சமாளிக்கலாம்.

சோம்பலாக இருந்தால் நவம்பர் 9-ஐத் தேர்ந்தெடுங்கள். அன்று ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' அடித்ததில் மூன்று புகைபோக்கிகளும் போய்விட்டன.