ஆமை வாங்கும் ஐயாவுக்கு

ஐயா, உங்கள் கண்ணின் கூர்மையைத்தான் முதலில் போற்ற வேண்டும். நட்சத்திர ஆமையின் ஓட்டில் ஓடும் மஞ்சள் கோடுகள், காய்ந்த புல்லோடு புல்லாக அதை மறைப்பவை. நரிக்கும் பருந்துக்கும் தப்ப உதவும் அந்தக் கோலம் உங்களிடம் பலிக்கவில்லை. எது அதற்குக் காவலோ அதையே நீங்கள் விலையாக்கிவிட்டீர்கள்.

உங்கள் வீரமும் சிறிதல்ல. ஆபத்து வந்தால் இந்தப் பிராணி ஓடாது, கடிக்க வராது. தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு கிடக்கும். அப்படிப்பட்டதையும் விடாமல் ஆள் வைத்துப் பிடித்துச் சாக்கில் போட வைத்தீர்கள். வில்பத்துவின் புதர்க்காடானாலும் யாலவின் வெளியானாலும் உங்கள் பணம் போய்ச் சேராத இடமில்லை. இந்தியாவில் ஒரே ஒரு வட்டாரத்திலிருந்து மட்டும் ஆண்டுக்கு 55,000 ஆமைகளாவது பிடிக்கப்பட்டதாக 2015இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஒரு பெட்டை ஆமை முட்டையிடும் பருவத்தை எட்டவே எட்டுப் பத்து வருடங்கள் ஆகும். அப்போதும் ஒரு தடவைக்கு இடுவது சில முட்டைகள்தான். அவ்வளவு மெதுவாகக் காடு சேர்த்ததை நீங்கள் ஒரு பின்னேரத்தில் அள்ளினீர்கள்.

மன உறுதியில் உங்களை வெல்ல ஆளில்லை. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று எங்கள் மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. பிள்ளைகளைப் புதைத்தோம். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் அதே நாளில் அதே துயரம். மே மாதம் கொழும்பில் கூடவிருந்த, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் மாநாடு ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. அந்த நிலையிலும் இலங்கை, ஆமையைக் கைவிடவில்லை. இந்தியா, பங்களாதேஷ், செனகல் நாடுகளோடு சேர்ந்து முன்வைத்த கோரிக்கை ஆகஸ்டில் ஏற்கப்பட்டது. நட்சத்திர ஆமை சைற்றிஸின் முதலாம் பின்னிணைப்பில் ஏறியது. காட்டில் பிடித்த ஆமையை வணிகத்துக்காக நாடுவிட்டு நாடு கொண்டுபோக முடியாது என்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்த அமைப்பு முடிவெடுத்தது. உங்கள் ஆசையை அதுவும் அசைக்கவில்லை. கால் நீட்ட முடியாதபடி நாடா சுற்றி, காலுறைக்குள் திணித்து, பயணப்பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே அடுக்கி அனுப்ப வைக்கும் அளவுக்கு அது பலமான ஆசை.

வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் காட்டும் அன்பு இன்னும் பெரிது. புல்லும் பூவும் விழுந்த பழமும் தின்று வெயிலில் திரிந்ததைச் சீமெந்துத் தரையில் விட்டு, சோறும் பாணும் ஊட்டுகிறீர்கள். வெயில் படாமல், சுண்ணாம்புச் சத்து இல்லாமல் ஓடு உருக்குலைகிறது. அதிர்ஷ்டம் வரும் என்று நம்பி வாங்கினீர்கள். அதன் அதிர்ஷ்டம் உங்கள் வாசலோடு முடிந்தது.

எங்கள் ஊர்க் கைகாரரையும் விட்டுவிடக் கூடாது. மட்டக்களப்புப் படுவான்கரையில் குளம் வற்றும் காலத்தில் சேற்றுக்குள் புதைந்து மாரிக்காகக் காத்திருக்கிறது பாலாமை என்னும் நன்னீர் ஆமை. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம் அது. சட்டம் காப்பது தெரிந்தும், அதைத் தோண்டியெடுத்துக் கறியாக்கும் சுறுசுறுப்பைக் குளத்தைத் தூர்வாருவதில் காட்டியிருந்தால் எத்தனை வயல் விளைந்திருக்கும்! இனி முட்டையிட வேண்டியதும் அந்தச் சட்டியில்தான் கிடக்கிறது.

ஆனாலும் உங்கள் சாதனைகளில் தலையாயது வேறு, ஐயா. வனஜீவராசிகள் திணைக்களத்தார் உங்கள் சாக்கைப் பிடித்த பிறகும் வெற்றி உங்களுடையதுதான். நட்சத்திர ஆமைகளில் இலங்கை ஆமை வேறு, தென்னிந்திய ஆமை வேறு, வடமேற்கு இந்திய ஆமை வேறு. இடத்துக்கு இடம் மரபணுவும் வேறுபடும். ஒன்றை மற்றொன்றின் காட்டில் விட்டால் வம்சம் கலக்கும், நோயும் கூடவே போகும். பல கை மாறி வந்ததற்கு ஊர் எது, காடு எது என்று ஆமையைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. அதனால் உயிரோடு மீட்ட ஆமைகள் பலவற்றைக் காட்டுக்கு அனுப்ப முடியாமல் வேலிக்குள் வைத்துத் தீனி போடுகிறார்கள். விடுதலையான பிறகும் வீடு திரும்ப முடியாத ஒரு பிராணியை உண்டாக்கிய பெருமை முழுக்க உங்களையே சேரும்.