இரண்டு கரையும் ஒரு படலமும்

கே: சூப்பர்ஃப்ளூயிட் ஹீலியம் பாத்திரத்தின் சுவரில் ஏறி வெளியே ஓடிவிடுமாமே, நிஜமா?

ப: நிஜம். சுமார் மைனஸ் 271 டிகிரி செல்சியஸில், அதாவது 2.17 கெல்வினில், அதற்கு ‘லாம்டா புள்ளி’ வருகிறது. அதற்குக் கீழே பாகுத்தன்மையைத் துறந்துவிடும். சுவர் இழுக்க, சில பத்து நானோமீட்டர் படலமாக ஏறி, விளிம்பைத் தாண்டி அடியில் சொட்டும். அதன் கொள்கையில் ‘வரம்பு’ கிடையாது.

கே: அந்தப் படலம் டயட் இருக்குமா?

ப: இருக்கும், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும். லாம்டா புள்ளியை நெருங்கும்போது படலம் மெலிவதை 1999-ல் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கார்சியாவும் சானும் அளந்து காட்டினார்கள்.

கே: எந்த ஸ்கேலை வைத்து அளந்தார்கள்?

ப: கெபாசிட்டரை வைத்து. செம்புத் தகடுகளைத் திரவ ஹீலியத்துக்கு மேலே வெவ்வேறு உயரங்களில் நிறுத்தினார்கள். தகடு உயர உயரப் படலம் மெலிசு. தடிமன் துளி மாறினாலும் கெபாசிட்டன்ஸ் காட்டிக்கொடுத்துவிடும்.

கே: சரி, மெலியச் சொன்னது யார்?

ப: ஏற்ற இறக்கங்கள். சூப்பர்ஃப்ளூயிட் ஆகலாமா வேண்டாமா என்று திரவம் தவிக்கும் நேரம் அது. அங்கங்கே திட்டுத் திட்டாக ஆகிப் பார்த்துக் கலையும். லாம்டா புள்ளி நெருங்க நெருங்கத் திட்டுகள் பெருக்கும். படலத்தின் தடிமன் அளவுக்கு அவை வளர்ந்ததும் மேல்பரப்பும் அடிப்பரப்பும் குறுக்கிடுகின்றன. அதிலிருந்து ஒரு விசை பிறந்து இரண்டையும் நெருக்குகிறது. 1978-லேயே இயற்பியலாளர்கள் ஃபிஷரும் டி ஜென்னும் இதைக் கணித்துவிட்டார்கள். கணிக்கத் தாள் போதும். அளக்கத்தான் 21 வருடம்.

கே: வெற்றிடத்தில் தகடுகள் ஒட்டும் காசிமிர் விளைவுக்கு இது சொந்தமா?

ப: தம்பி முறை. காசிமிர் 1948-ல் சொன்னது வெற்றிடத்து மின்காந்தப் புலத்தின் சலனம். இங்கே சலனம் திரவத்துக்குள். அண்ணனுக்கு குவாண்டம் சலனமே போதும், தம்பிக்கு வெப்பம் வேண்டும்.

கே: எப்போதும் இழுப்புதானா? தள்ளவே தள்ளாதா?

ப: தள்ளும். 2002-ல் அதே இருவரும் ஹீலியம்-3 என்ற இலகுவான ஐசோடோப்பைக் கலந்து பார்த்தபோது படலம் தடித்தது. சுவர்ப் பக்கம் வழக்கமான ஹீலியம்-4, ஆவிப் பக்கம் ஹீலியம்-3 என்று ஆளுக்கொரு கரையில் கூடிவிட்டன. கரைகள் ஒரே கட்சியென்றால் நெருக்கம், எதிர்க்கட்சியென்றால் விலகல். மைனஸ் 272 டிகிரியிலும் கூட்டணி தர்மம் மாறவில்லை.