பசித்தால் தோசை இருக்கிறது

எங்கள் காலத்துப் பள்ளியில் நிபந்தனை வாக்கியம் என்றால் மழைதான். 'மழை பெய்தால் பயிர் விளையும்.' பயிர் மழையை நம்பி இருக்கிறது, அவ்வளவுதான். இங்கிலீஷ் சார் 'இஃப்' வாக்கியத்தை மூன்று வகையாகப் பிரித்து, வில், வுட், வுட் ஹேவ் என்று கரும்பலகையில் கட்டம் போட்டார். எங்கள் வீட்டுத் தோசை மூன்று கட்டத்திலும் அடங்கவில்லை.

"பசிச்சா அடுப்படியில தோசை இருக்குடா" என்பாள் அம்மா.

"பசிக்கலன்னா இருக்காதாம்மா?"

"உன் தம்பி தின்னுட்டுப் போவான்."

வாக்கியத்தில் 'ஆல்' இருக்கிறது. ஆனால் தோசை என் வயிற்றை நம்பி இல்லை. ஆக்ஸ்போர்டு தத்துவ ஆசிரியர் ஜே.எல். ஆஸ்டின் 1956-இல் பிரிட்டிஷ் அகாடமியில் ஆற்றிய உரையில் இதே சங்கதியைத்தான் எடுத்தார். அவருக்கு மேசை மேல் பிஸ்கட், எங்களுக்குத் தோசை. மொழியியலாளர்கள் இன்றும் இந்த வகைக்குப் பிஸ்கட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கண்டுபிடிக்கத் தமிழில் சுலபமான வழி உண்டு. 'ஆல்' இருக்கும் இடத்தில் 'ஆலும்' போட்டு, எதிர்மறையையும் சேர்த்துப் பாருங்கள். 'பசித்தாலும் பசிக்காவிட்டாலும் தோசை இருக்கிறது': வாக்கியம் நிற்கிறது, ஆகவே தோசை சுதந்திரமானது. 'மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பயிர் விளையும்' என்று போர்வெல்காரர்தான் சொல்ல முடியும்.

அப்பாவின் நிபந்தனைகள் இன்னும் நுட்பமானவை. "முதல் ரேங்க் வாங்கினா சைக்கிள்" என்றார். எனக்குக் கிடைத்தது நாலாவது ரேங்க். சைக்கிளும் வந்தது. அது என் ரேங்கை நம்பி இருந்ததே இல்லை. சித்தப்பா ஸ்கூட்டர் வாங்கித் தன் பழைய சைக்கிளைத் தள்ளிவிடுவதை நம்பி இருந்தது. அந்த 'ஆல்' மட்டும் கடைசிவரை எனக்குச் சொல்லப்படவில்லை.

இப்போது நாகரிகம் வளர்ந்துவிட்டது. 'உங்களுக்கு ரூ.5 லட்சம் கடன் தயார்!' என்று போன் மினுங்குகிறது. தேடினாலும் ஓர் 'ஆல்' அகப்படாது. தொட்டால் எறும்பு எழுத்தில் அணிவகுப்பு தொடங்கும்: சம்பளம் இவ்வளவு இருந்தால், பழைய தவணை தவறாமல் இருந்தால், வயது இதற்குள் இருந்தால். அன்று அம்மா நிபந்தனை மாதிரிச் சொல்லிவிட்டுச் சும்மா கொடுத்தாள். இவர்கள் சும்மா கொடுப்பது மாதிரிச் சொல்லிவிட்டு நிபந்தனையை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

வாடிக்கையாளர் சேவை மட்டும் அம்மாவின் நடையிலேயே பேசுகிறது: 'உதவி தேவைப்பட்டால் 24 மணி நேரமும் நாங்கள் இருக்கிறோம்.' அச்சு அசல் தோசை வாக்கியம். சோதித்துப் பார்த்தேன். தேவைப்படாத நாளில் அவர்களே கூப்பிட்டு நலம் விசாரிக்கிறார்கள். தேவைப்பட்ட அன்று, தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொல்லிவிட்டு வீணை வாசிக்கிறார்கள்.

ஆகவே கடன் பத்திரமோ காப்பீட்டுப் பாலிசியோ, எது வந்தாலும் வரிக்கு வரி அந்த 'ஆலும்' போட்டுப் படித்துவிடுங்கள். பேனா மூடியை அதற்கப்புறம் திறக்கலாம்.