குளியல் தொட்டிக்கும் ஒரு மைக்

காணொளியும் ஒலியும் சேர்ந்த நிறுவல் கலைக்குத் திட்டம் போடுகிறவர்கள் வழக்கமாகப் புரொஜெக்டர், ஸ்பீக்கர், ஒயர் என்று பட்டியல் எழுதுவார்கள். ஐஸ்லாந்துக் கலைஞர் ராக்னர் க்யார்டன்சனின் பட்டியலில் ஒரு குளியல் தொட்டியும் ஒரு பீரங்கியும் இருந்தன.

2012இல் ‘தி விசிட்டர்ஸ்’ படைப்புக்காக, நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள ரோக்பி என்ற பழைய மாளிகைக்கு நண்பர்களை வரவழைத்தார். பியானோவுக்கு ஓர் அறை, செல்லோவுக்கு ஓர் அறை. ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. ஹெட்போன் வழியாக மட்டுமே உறவு. (கூட்டுக்குடும்பத்தார் கவனிக்க.) கலைஞர் தமக்கென்று ஒதுக்கிக்கொண்டது குளியலறை. தொட்டித் தண்ணீரில் கிடாரோடு உட்கார்ந்தார். ஒரே டேக், 64 நிமிடம். பாட்டோ முன்னாள் மனைவியின் கவிதையிலிருந்து எடுத்த சில வரிகள்தான், திரும்பத் திரும்ப. தண்ணீர் எத்தனையாவது நிமிடத்தில் சில்லிட்டது என்பதைக் கலை விமர்சகர்கள் யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

தலைப்பு, ஆபா இசைக்குழு 1981இல் வெளியிட்ட ஆல்பத்தினுடையது. அதற்குப் பின் அடுத்த ஆல்பம் வர 40 ஆண்டுகள் ஆயின.

காட்சிக்கூடத்தில் ஒன்பது திரைகள். ஒவ்வொன்றின் ஒலியும் அதனதன் பக்கத்திலிருந்தே வரும். செல்லோ பிடிக்காதவர் நாலடி தள்ளிப் போனால் பியானோ. ஒலிக்கலவைப் பொறியாளரின் வேலை பார்வையாளரின் காலுக்கு மாறிவிட்டது, சம்பளம் இல்லாமல்.

நடுவே பீரங்கி வெடித்தும் யாரும் பாட்டை நிறுத்தவில்லை. கடைசியில் எல்லோரும் பாடியபடியே புல்வெளியில் இறங்கிப் போய்விடுகிறார்கள். கேமராக்களை அணைக்க மட்டும் ஓர் ஆள் வீட்டுக்குள் மிச்சம்.