கைராசிக்காரரும் நான்கு கம்பிகளும்

கல்வராயன் மலையில் கரியாலூர் போன்றதோர் ஊரின் கடைத்தெருவில், அலைபேசிக்கு உறையும் திரைமேல் ஒட்டும் கண்ணாடியும் விற்றுக்கொண்டு, அவற்றுக்கு நடுவே பழைய கணினி ஒன்றையும் இயக்கிக்கொண்டிருக்கும் மனிதரைச் சுற்றுப்புறச் சிற்றூரார் கடையின் பெயரால் அறிவதில்லை. 'பாட்டு ஏத்துறவர்' என்னும் தொழிற்பெயராலேயே அறிவர். அலைபேசிக்குள் செருகப்பட்டிருக்கும் நினைவக அட்டையை, அதாவது மக்கள் வழக்கில் 'மெமரி கார்டு' எனப்படும் சில்லை, வெளியே எடுக்காமலேயே ஒரு கேபிளின் வழியாகக் கணினியில் திறந்து, வேண்டியதை ஏற்றியும் வேண்டாததை நீக்கியும் தருவது இவர் தொழில். 1976இல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த இம்மலையில் அதிகாரம் என்பது பிறப்பால் வருவதாக இருந்தது. கேபிளால் வந்த அதிகாரம் இவருடையது ஒன்றே எனலாம்.

2004இல் சான்டிஸ்க் நிறுவனம் 'டிரான்ஸ்ஃபிளாஷ்' என்ற பெயரில் வெளியிட்டு, மறு ஆண்டே 'மைக்ரோ எஸ்.டி.' எனப் பெயர் மாறிய இந்த அட்டை 15 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக் காய்ப்பேறிய விரல்களுக்கு அது பிடிபடுவதில்லை. கீழே விழுந்தால் கண்ணுக்கும் தட்டுப்படுவதில்லை. ஆகவே அட்டையைக் கழற்றாமலே காரியத்தை முடிக்கும் கேபிளுக்கு மலைமேல் மதிப்புக் கூடியதில் வியப்பில்லை. இளையராஜாவுக்கு ஒரு கோப்புறை, அம்மன் பாட்டுக்கு ஒன்று, குத்துப் பாட்டுக்கு ஒன்று என்று கணினியில் பிரித்து வைத்திருக்கும் இவர், வாடிக்கையாளரிடம் விருப்பம் கேட்கும் வழக்கமுடையவர் அல்லர். ஆளின் வயதையும் வேட்டியின் கரையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எது ஏறவேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்வார். பாட்டு ஏற ஏற கார்டு கனமாகுமா என்று ஒரு பெரியவர் ஐயத்தோடு கேட்டால், "நெறைய ஏத்துனா கொஞ்சம் சூடாவும், தாத்தா" என்று, கேட்ட கேள்விக்கு அல்லாத வேறொன்றுக்கு உண்மையான விடையைத் தருவார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இத்தொழிலைப் பற்றி என்ன சொல்லும் என்பதை இவர் கேட்டறிந்ததில்லை; சட்டமும் மலையேறி வந்து சொன்னதில்லை. இவ்வழக்கம் இம்மலைக்கு மட்டும் உரியதும் அன்று. சகாராவை ஒட்டிய மாலி நாட்டின் கிடால் நகரில் அலைபேசி அட்டைகள் வழியே கைமாறி வந்த பாடல்களைத் திரட்டிய கிறிஸ்டோபர் கிர்க்லி என்னும் அமெரிக்கர், 2010களின் தொடக்கத்தில் அவற்றை இசைத்தொகுப்பாகவே வெளியிட்டார். கரியாலூர்த் தொகுப்பு அத்தகைய பெருமையை அடையாமைக்கு, கோப்புறைதோறும் 'டிராக் 01' என்ற ஒரே பெயர் வீற்றிருப்பதும் ஒரு காரணமாகலாம்.

இவரைச் சூழ்ந்துள்ள பெரும்புகழ் கைராசி பற்றியது. வாடிக்கையாளர் வீட்டில் மகனுக்கு அரசு தந்த விலையில்லா மடிக்கணினியில் எத்தனை முறை செருகினாலும் அலைபேசியில் மின்னேற்றம் மட்டுமே நடக்கிறது. கணினியோ அப்படியொரு பொருள் வந்ததாகவே காட்டிக்கொள்வதில்லை. அதே அலைபேசியை இவர் வாங்கிச் செருகிய மறுகணம் திரையில் கோப்புறைகள் விரிகின்றன. "அவரு கை வச்சாத்தான் வருது" என்ற பேச்சு அடுத்த பேருந்திலேயே ஊருக்குப் போய்ச் சேர்கிறது. இதன் சூட்சுமம் மிக எளியது. பரவலாகப் புழங்கும் யூ.எஸ்.பி. கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு மின்சாரத்துக்கும் இரண்டு தகவலுக்கும் உரியவை. விலை மலிந்த கேபிள்கள் பலவற்றில் தகவலுக்கான இரண்டு கம்பிகள் வைக்கப்படுவதே இல்லை. வெளித்தோற்றத்தில் வேறுபாடு ஏதும் தெரியாது. இவரது கடை முகப்பில் கொத்துக் கொத்தாகத் தொங்குபவை பெரும்பாலும் இரண்டு கம்பி வகையினவே. நான்கு கம்பியுள்ள ஒன்று மட்டும் மஞ்சள் நூல் சுற்றப்பட்டு இழுப்பறைக்குள் தனியே துயில்கிறது. வீட்டில் தோற்ற கேபிளும் அந்த முகப்பிலிருந்து போனதுதான் என்பதை வாடிக்கையாளர் நினைத்துப் பார்ப்பதில்லை. இதில் வியக்கத்தக்கது, இவ்வளவும் அறிந்த அம்மனிதரே நாளடைவில் தம் கைராசியைப் பாதி நம்பத் தொடங்கிவிடுவதாகும்.

நான்கு கம்பியும் போதாத காலம் பின்னர் வந்தது. பழைய அலைபேசிகளில் 'மாஸ் ஸ்டோரேஜ்' எனப்பட்ட முறையில், கேபிள் இணைந்தவுடன் அலைபேசி அட்டையின் மீதுள்ள உரிமையை முற்றிலும் விட்டுக் கணினியிடம் ஒப்படைத்துவிடும்; எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதைக் குறிக்கும் அட்டவணையில் இரு கருவிகள் ஒரே நேரத்தில் எழுதினால், மளிகைக்கடைப் பற்றுநோட்டில் முதலாளியும் மைத்துனரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் வரவு வைத்த கதையாகிவிடும் என்பதே அதற்குக் காரணம். "கார்டே இல்லைங்குதே தம்பி!" என்று அலைபேசியைப் பார்த்துப் பதறியவர்களை அந்நாளில் இவர் ஒரு புன்னகையால் அமர்த்துவார். 2011இல் ஆண்ட்ராய்டு 3.0 பதிப்போடு புகுந்த 'எம்.டி.பி.' முறையில் அலைபேசி அட்டையைக் கைவிடுவதில்லை. கணினி கேட்கும் கோப்பைத் தானே எடுத்துக் கொடுக்கும். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், கணினியோடு இணைத்தாலும் அலைபேசி மின்னேற்றம் ஒன்றையே முதலில் ஏற்கும். திரையைத் திறந்து, மேலிருந்து அறிவிப்பை இழுத்து, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தொட்ட பிறகே கோப்புகள் தெரியும். இவ்வேலையை மேசைக்கு அடியில், பெருவிரலால், பேச்சை நிறுத்தாமல் முடித்துவிடுவார் என்பதால் கைராசிக்குப் பழுது நேரவில்லை.

ஏற்றி முடித்த பின்னும் இவர் கேபிளை உருவுவதில்லை. எழுதவேண்டியதைக் கணினி சிறிது நேரம் தன்னிடமே நிறுத்தி வைத்துப் பிறகு அட்டையில் எழுதும் வழக்கம் இருந்தமையால், அதற்குள் பிடுங்கினால் கோப்பு சிதையும் என்ற அச்சம் ஒருகாலத்தில் நியாயமானதே. எம்.டி.பி. முறையில் ஏற்றம் முடிந்தபின் அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. மாஸ் ஸ்டோரேஜுக்கும் 2018இல் வெளிவந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு, உடனே கழற்றத்தக்க முறையையே இயல்பாக்கிவிட்டது. எனினும் இவர் "பொறுங்க" என்பார். வெளியே கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பேருந்து ஒலியெழுப்பும். நடத்துநர் பெயர் சொல்லி அழைப்பார். அப்போதும் "பொறுங்க" என்பார். உடனே கொடுத்துவிடும் பொருளுக்கு யார் காசு கொடுப்பார்கள் என்ற வணிக நுட்பம் அதில் அடங்கியிருக்கிறது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து பாட்டு வாணிபம் படுத்துவிட்டதாகச் சமவெளியில் பேசிக்கொண்டனர். கோபுரத்தின் அலை எட்டாத சிற்றூர்கள் உள்ள மலையில் அட்டை அவ்வளவு விரைவில் சாகவில்லை. வேலையின் தன்மைதான் மாறிற்று. இப்போது வருகிறவர்கள் டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்துக்கு 20 முதல் 50 கே.பி. அளவுக்குள் சுருங்கவேண்டிய முகப்படத்தையோ, சாதிச் சான்றுக்கு வேண்டிய ஆவணப் படத்தையோ அலைபேசியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதை எடுக்க, படங்கள் சேரும் 'டிசிம்' என்னும் கோப்புறையைத் திறந்தாகவேண்டும். திறந்தால் கல்யாணம், கருமாதி, பங்காளித் தகராற்றுக்குச் சாட்சியாக எடுத்த வேலிப் படம் என ஒரு குடும்பத்தின் வரலாறே வரிசை பிடித்து நிற்கும். அவ்வேளையில் இவர் பார்வை மின்விசிறிக்குப் போய்விடும். சுட்டியை நகர்த்தும் கை மட்டும் எதையும் அறியாததுபோல் வேலை செய்யும். தொழிலின் உண்மையான திறமை இதுவென்றே கொள்ளத்தகும், ஆனால் இதற்கு எவரும் காசு கொடுப்பதில்லை.

கடனாகக் கேட்டால் பணம் தருவார்; அவசரத்துக்கு இருசக்கர வண்டியையும் தருவார்; திருப்பித் தராதவரிடம்கூட முகம் சுளிக்கமாட்டார். மஞ்சள் நூல் சுற்றிய கேபிளை, சொந்தத் தாய்மாமனே ஒரு மணி நேரத்துக்குக் கேட்டாலும், "அது ரிப்பேருங்க மாமா, இதை எடுத்துக்கிட்டுப் போங்க" என்று முகப்பில் தொங்குவதிலிருந்து ஒன்றை உருவிக் கொடுப்பார்.