பூவா, காயா?

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் வாசனை வீசும் ஊர்களில் ஷூ கம்பெனிக்கு ஒருவராவது இவரைப் போல இருப்பார். பதவி மெர்ச்சண்டைசர். முதலாளி கையெழுத்துப் போடுவார், மேஸ்திரி வேலை வாங்குவார். வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர் டேனரிக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொள்வது இவர் பாடு.

இவருடைய மொழிப் புலமையைப் பார்க்க மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான் தோது. பையர் வந்தால் ஆம்பூர் பிரியாணி. பிரியாணி வந்தால் கூடவே புளியும் காரமுமாக எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய். “வாட் இஸ் திஸ்?” என்று கேட்டு முடிப்பதற்குள் எதிராளியின் பாஸ்போர்ட்டை மனசுக்குள் புரட்டிவிடுவார். இங்கிலாந்துக்காரர் என்றால் ‘ஆபர்ஜின்’. அமெரிக்கர் என்றால் ‘எக்பிளான்ட்’. இத்தாலிக்காரர் என்றால் ‘மெலன்சானா’. சென்னை ஏஜென்ட்டுக்கு ‘பிரிஞ்சால்’. பரிமாறுகிற பையனிடம், “பைங்கன் இன்னும் கொஞ்சம் வைப்பா.” ராத்திரி வீட்டுக்குப் போனால் மட்டும், “இன்னைக்கும் கத்திரிக்காயா?”

பேரோடு நிற்காது, வரலாறும் வரும். அந்தக் காலத்தில் ஐரோப்பாக்காரர்கள் முட்டை மாதிரி வெள்ளைக் கத்தரிக்காயைப் பார்த்து வைத்த பேர்தான் எக்பிளான்ட் என்பார். நம் நாட்டுச் சொல் பாரசீகம், அரபு வழியாக ஸ்பெயின் பக்கம் போய்ச் சேர்ந்து, பிரெஞ்சில் ஆபர்ஜின் ஆனது. போர்த்துக்கீசியர் வாயில் நுழைந்து, கப்பலேறி பிரிஞ்சாலாக இங்கேயே வந்து இறங்கியது. “எக்ஸ்போர்ட் பண்ணி ரிட்டர்ன் வந்த சரக்கு சார்!” மெலன்சானாவை இத்தாலிக்காரர்களே ‘பைத்தியக்கார ஆப்பிள்’ என்று பிரித்துப் பொருள் சொன்னதும் இவருக்குத் தெரியும். இத்தாலி பையர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதைச் சொல்ல மாட்டார். ஆர்டர் கையெழுத்தாகவில்லையே!

பையர் ரசித்துச் சாப்பிட்டால், வேலூர் இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையைச் சொல்லி இன்னொரு கரண்டி வைக்கச் சொல்வார். முகம் சுளித்தால் தட்டை நகர்த்திவிட்டு, “எனக்கும் இது ஆகாது சார், அரிப்பு” என்பார். ராஜா புகழ்ந்தால் கத்தரிக்காய்க்குக் கிரீடம் சூட்டி, ராஜா திட்டினால் அதைக் குப்பையில் போடச் சொன்ன மந்திரியின் கதை நமக்குத் தெரியும். ‘நான் ராஜாவுக்குத்தான் வேலைக்காரன், கத்தரிக்காய்க்கு இல்லை’ என்ற அந்த மந்திரியின் நேர் வாரிசு இவர்.

இப்பேர்ப்பட்டவரையும் கத்தரிக்காய் ஒருமுறை கவிழ்த்தது. லேடீஸ் பூட்ஸ் ஆர்டர், கலர் ‘ஆபர்ஜின்’. ஷேட் பார்க்க வேண்டிய துண்டுத் தோல் இன்னும் கூரியரில் வந்துகொண்டிருந்தது. சாம்பிளுக்கு அவசரம். டேனரிக்குப் போன் போட்டார்.

“பாய், கத்திரிக்கா கலர்!”

“எந்தக் கத்திரிக்கா தம்பி? பச்சையா, வெள்ளையா, வரியா?”

“வயலட் பாய், வயலட்.”

“கத்திரிப்பூ கலர்னு சொல்லேன்!”

“அதேதான் பாய்.”

அதேதான் இல்லை. ஆங்கிலத்தில் அந்த நிறத்துக்குக் காய் பேர் கொடுத்தது. அது கறுப்பை ஒட்டிய அடர் ஊதா. நம் புடவைக் கடைகளில் பேர் கொடுத்தது பூ; அது வெளிர் ஊதா. டிரம்மிலிருந்து தோல் பூவாகவே மலர்ந்து வந்தது.

“திஸ் இஸ் நாட் ஆபர்ஜின்” என்றார் பையர்.

“எஸ் சார். திஸ் இஸ் ஆபர்ஜின் ஃபிளவர். சம்மருக்கு.”

பையர் சிரித்தார், ஆனால் மசியவில்லை. நல்லவேளை, வெளிர் சாயத் தோலை அடர் நிறமாக்க வழியுண்டு. அடர்ந்ததை வெளிறச் செய்வதுதான் பெரும்பாடு. தோல் மறுபடி டிரம்முக்குள் போனது. பாய் அலட்டிக்கொள்ளவில்லை: “பூ பூத்தா காய்க்காம போயிடுமா தம்பி?”

அதற்குள் அடுத்த ஆர்டர் வந்துவிட்டது. கலர், ‘காக்னாக்’.

“அப்படீன்னா?”

“ஃபிரான்ஸ் பிராந்தி பாய்.”

“தௌபா! அதை என் டிரம்முல கலக்கச் சொல்றியா?”

மெர்ச்சண்டைசர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “சேச்சே, டீ டிகாக்‌ஷன் கலர் பாய். கொஞ்சம் ஸ்ட்ராங்கா.”