இழுத்துவிடு இயல்: நுட்பமறியா மாந்தர் இணையதளம் சமைத்தல் குறித்து ஓர் ஆய்வு

யாப்பையும் கல்வெட்டையும் துருவித் துருவி ஆராய்ந்த தமிழாய்வுலகம், ஒரு முறுக்குக் கடைக்காரர் தம் கடைக்கு எந்த 'வெப்சைட் பில்டரை'த் தேர்ந்தெடுப்பது என்ற வினாவை இதுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அப்பெருங்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாய்வுக்கு நல்கை எதுவும் பெறப்படவில்லை. தேநீர்ச் செலவு ஆய்வாளருடையது. முறுக்கு மட்டும் களத்திலிருந்து தரவாகப் பெறப்பட்டு, அங்கேயே பகுத்தாய்ந்து முடிக்கப்பட்டது.

முதற்கண் வரையறை. நிரல் ஒரு வரிகூட எழுதாமல், படத்தையும் எழுத்தையும் மவுஸால் இழுத்து விட்டே தளத்தைக் கட்டிவிட உதவும் சேவை வெப்சைட் பில்டர் எனப்படும். நுட்பமறியாதார் எனில் அறிவிலார் என்று கொள்ளற்க. மூன்று மாவட்டத்து மொத்த வியாபாரிகளின் பாக்கியை நோட்டைப் பார்க்காமலே சொல்லக்கூடிய அண்ணாச்சி, டொமைன் என்னும் தளப்பெயரும் ஹோஸ்டிங் என்னும் தள இடமும் ஒன்றா வேறா என்று கேட்டால் மட்டும் மின்விசிறியை அண்ணாந்து பார்க்கிறார். அவரே இவ்வாய்வின் நாயகர். பாஸ்வேர்டை டைரியில் பத்திரமாக எழுதிவைத்துவிட்டு, அது எந்த வருஷத்து டைரி என்பதை மறந்திருப்பது இவ்வகையினரின் தலையாய இலக்கணம்.

இத்துறையின் முன்னாய்வுகள் பெரும்பாலும் யூடியூபில் உள்ளன. 'டாப் டென்' என்ற தலைப்பில் வரும் அவற்றின் முடிவுரை, கீழே இருக்கும் லிங்க்கை அழுத்தி வாங்குங்கள் என்பதாகவே இருக்கும். அந்த லிங்க் வழியாக வாங்கினால் ஆய்வறிஞருக்குக் கமிஷன் போகும் வழக்கம் உண்டு. ஆகவே தரவரிசை, கருவியின் தரத்தைக் காட்டுகிறதா கமிஷனின் தரத்தைக் காட்டுகிறதா என்பது மேலாய்வுக்குரியது.

இதற்கு எதிர்ப்பள்ளி ஒன்றும் உண்டு. அதை 'அக்காள் மகன் கோட்பாடு' என்க. "பில்டரும் வேண்டாம் கில்டரும் வேண்டாம் மாமா, நானே பண்ணித் தரேன்" என்பது அதன் மூல வாக்கியம். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் அவன், ஒரு பிரியாணிச் செலவில் தளத்தை முடித்தும் கொடுத்துவிடுவான். சிக்கல் எழுவது பிற்பாடு. தளத்தின் டொமைன் பெயரைப் பதிந்தது அவன் கல்லூரி மின்னஞ்சலில். அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கிறது. கல்லூரி அந்த மின்னஞ்சலை மூடுகிறது. பெயரைப் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் யாரும் திறக்காத அந்தப் பெட்டிக்குப் போய்ச் சேருகின்றன. பெயர் காலாவதியாகிக் கைமாறுகிறது. ஒருநாள் கடையின் முகவரியைத் தட்டினால் வேறு யாரோ சூதாட்ட விளம்பரம் போட்டிருக்கிறார்கள். இதில் அக்காள் மகன்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. கோட்பாட்டிலேயே கோளாறு.

இனி வரலாறு. 1990-இல் வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் எழுதிய முதல் உலாவி, படிப்பதற்கு மட்டுமன்றி எழுதுவதற்கும் உரியதாக இருந்தது. அதாவது வலை பிறந்தபோதே பில்டரும் கூடப் பிறந்துவிட்டது. பின்னால் பரவிய உலாவிகளில் எழுதும் வசதி கழன்றுகொள்ள, சாமானியன் பார்வையாளனாக்கப்பட்டான். 1994-இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் அவனுக்கு மறுபடி இலவச இடம் கொடுத்தது. சினிமாப் பிரியர்களுக்கு 'ஹாலிவுட்', கணினிக்காரர்களுக்கு 'சிலிக்கான்வேலி' எனப் பேட்டைகள் பிரித்து வீட்டு எண்ணும் தந்தார்கள். 1999-இல் யாஹூ அதைச் சுமார் 357 கோடி டாலருக்கு வாங்கியது. 2009-இல் அமெரிக்காவில் இழுத்து மூடியது. பேட்டையோடு வீடுகளும் போயின.

இது பழங்கதை என்று ஒதுக்குவார்க்கு அண்மைச் சான்று ஒன்று தருவாம். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்தவர்களுக்குக் கூகுளே சிறு தளம் ஒன்றை இலவசமாக அமைத்துக் கொடுத்து வந்தது. நுட்பமறியாதார்க்கு அதைவிட எளிய கருவி வாய்த்ததில்லை. 2024 மார்ச்சில் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. பெயர்ப்பலகையில் அந்த முகவரியை எழுதியவர் எழுதியவர்தான்.

மேற்கண்ட தரவுகளிலிருந்து இவ்வாய்வின் கருதுகோள் பிறக்கிறது. எல்லாரும் "எதில் தொடங்குவது எளிது?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, "எதிலிருந்து வெளியேறுவது எளிது?" பில்டர் என்பது வாடகை வீடு. வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடுவாரா என்பதைவிட, காலி செய்யும்போது நம் பீரோ வாசலைத் தாண்டுமா என்பதே முக்கியம்.

இவ்வளவுகோலைப் பொருத்திப் பார்ப்போம். 2006-இல் இஸ்ரேலில் தொடங்கிய விக்ஸில், இழுத்து விடும் இன்பத்துக்குக் குறைவில்லை. பொத்தானைப் பொட்டு வைப்பதுபோல எங்கும் வைக்கலாம். ஆனால் கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறிடம் கொண்டுபோக முடியாது. ஒரு டெம்ப்ளேட்டை எடுத்துக் கட்டியபின் வேறு டெம்ப்ளேட்டுக்கு மாறவும் முடியாது. புதிதாகத் தொடங்க வேண்டும். ஸ்கொயர்ஸ்பேஸ் பார்க்க மிடுக்கானது. மேரிலாந்து பல்கலைக்கழக விடுதி அறையில் ஒரு மாணவர் 2003-இல் எழுதத் தொடங்கியது. அதிலிருந்து ஒரு பகுதியை ஏற்றுமதி செய்யலாம், எல்லாவற்றையும் அல்ல. அதே 2003-இல் பிறந்த வேர்ட்பிரஸ் கட்டற்ற மென்பொருள் ஆதலால், எழுதியதைக் கோப்பாகக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். விலை வேறு வகையில் வரும்: சொந்தமாக ஹோஸ்டிங் எடுத்து நடத்தினால் அப்டேட், பிளகின், பேக்கப் எல்லாம் அண்ணாச்சி தலையில். பார்க்காமல் விட்டால் தளத்துக்குள் திருடன் குடியேறுவான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவிடமும் 'சைட்ஸ்' என்ற கருவி உண்டு. அதனிடமும் இதே கேள்வியைக் கேட்க. ஊர்ப்பாசம் ஆய்வு நெறிக்கு ஆகாது.

விலைக்கு ஒரு வரி போதும். முதலாண்டுத் தள்ளுபடியைப் பார்க்காமல் இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பார்க்கவும்.

டெம்ப்ளேட் பற்றி இரண்டு சொல். விளம்பரத்தில் வெண்சுவர் முன்னே காபிக் கோப்பையோடு ஒரு பெண் சிரிப்பாள். அழகெல்லாம் அப்படத்தினுடையது. அவளை எடுத்துவிட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் செல்போனில் எடுத்த முறுக்குத் தட்டை வைத்ததும் டெம்ப்ளேட் முகம் வாடிவிடும். ஆகவே அதற்குக் கொடுக்க நினைக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் புகைப்படக்காரருக்குக் கொடுப்பது நலம். அடுத்து, 'எங்களைப் பற்றி' பக்கம். இடத்தை நிரப்ப வைத்திருக்கும் 'லோரம் இப்சம்' என்ற புரியாத எழுத்து, கி.மு. 45-இல் சிசெரோ எழுதிய தத்துவ நூல் ஒன்றின் சிதைந்த வடிவம். இன்பமும் துன்பமும் பற்றிய விவாதம் அது. அதை மாற்ற மறந்த கடைகளில், கைமுறுக்கின் வரலாறு இருக்க வேண்டிய இடத்தில் ரோமானியத் தத்துவம் உட்கார்ந்திருக்கிறது. தம்மைப் பற்றிப் பத்து வரி எழுதுவதே பலருக்கும் பெரும்பாடு. அதற்கு எந்தக் கருவியும் மருந்தன்று.

தமிழில் தளம் அமைப்பார்க்குத் தனிச் சோதனை ஒன்றுண்டு. டெம்ப்ளேட்டின் எழுத்துருவில் பெரும்பாலும் தமிழ் இராது. உலாவி கையில் கிடைத்த எழுத்துருவைப் போட்டு ஒப்பேற்றும். ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்துக்கு அளவெடுத்த பொத்தானில் 'தொடர்புகொள்ளவும்' என்று தட்டினால் சொல் இரண்டாக மடியும். டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கிய வாசகத்தை ஒட்டினாலோ, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த மந்திரம் தோன்றும். யூனிகோடுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும். பணம் கட்டும் முன், இலவசக் கணக்கிலேயே கடையின் முழுப் பெயரைத் தலைப்பில் தமிழில் போட்டுச் செல்போனில் பார்த்துவிடுக.

முடிபு வருமாறு. கடை எங்கே, எப்போது திறக்கும், கால் கிலோ என்ன விலை, எந்த எண்ணுக்கு வாட்ஸப் செய்வது: இந்நான்கும் ஒரே பக்கத்தில் அடங்கும். அதற்கு மேற்சொன்ன எக்கருவியும் போதும். கருவிச் சண்டை வீண். டொமைன் பெயரை மட்டும் பில்டரிடம் சேர்த்து வாங்காமல் தனியே, உங்கள் பெயரில், உங்கள் சொந்த மின்னஞ்சலிலும் செல்போன் எண்ணிலும் பதிந்துகொள்ளுங்கள். பெயர் கையில் இருந்தால் கருவியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது. ஏற்கெனவே தளம் வைத்திருப்போர் அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். அக்காள் மகன் பெயரில் இருந்தால், தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பலகாரத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.